மேகத்தலையின் நுனி: 1987 அக்டோபர் புயலும் செயற்கைக்கோள் படங்களும்

1987 அக்டோபர் 15, வியாழக்கிழமை இரவு. நல்ல மழை வரும், ஆங்கிலக் கால்வாய்ப் பக்கம் காற்று பலமாக இருக்கும் என்று தொலைக்காட்சியில் கேட்டுவிட்டுத் தெற்கு இங்கிலாந்து மக்கள் தூங்கப் போனார்கள். விடிவதற்குள் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்து கிடந்தன. இங்கிலாந்தில் 18 பேரும் பிரான்சில் 4 பேரும் இறந்திருந்தார்கள். உலகப் போர்க் குண்டுவீச்சுக்குப் பிறகு முதல்முறையாக லண்டனே மின்சாரமின்றி இருண்டது. ஹெங்கிஸ்ட் என்ற பெரிய பயணிகள் கப்பலை ஃபோக்ஸ்டன் அருகே காற்று கரையில் ஏற்றிவிட்டது. தென்கிழக்கு இங்கிலாந்து இப்படியொரு காற்றைப் பார்த்து 284 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கு முன் ஒப்பிடச் சொல்வதானால் 1703-ஆம் ஆண்டுப் புயலைத்தான் சொல்வார்கள்.

இந்தப் புயலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் மைக்கேல் ஃபிஷ் பெயர் வந்துவிடும். அன்று மதியம் பிபிசியில் வானிலை வாசித்தவர் அவர். ஹரிக்கேன் வருவதாக ஒரு பெண் தொலைபேசியில் சொன்னாராம், கவலைப்படாதீர்கள், அப்படி எதுவும் இல்லை என்றார். அந்தச் சில நொடிகள் இன்றுவரை திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகின்றன. ஆனால் அதே மூச்சில், காற்று மிகவும் பலமாக வீசும், அதில் பெரும்பகுதி ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்விடும் என்றும் அவர் சொன்னார். வந்தது ஹரிக்கேனும் இல்லை. சூடான கடல்நீரிலிருந்து வலுப்பெற்று, நடுவில் கண்ணோடு சுழலும் வெப்பமண்டலப் புயல்தான் ஹரிக்கேன். வங்கக் கடலில் நாம் பார்க்கும் புயலும் அந்த இனம்தான். பிரான்சுக்கு மேற்கே இருக்கும் பிஸ்கே விரிகுடாவிலிருந்து கிளம்பி வந்த இந்தப் புயல் வேறு இனம். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றும் தெற்கிலிருந்து வரும் சூடான காற்றும் உரசும் எல்லையில், மேலே பாயும் ஜெட் காற்றோட்டத்தின் உதவியோடு உருவாகும் நடு அட்சரேகைப் புயல் இது. ஒரு மனிதரின் ஒரு வாக்கியத்தில் பழியை இறக்கி வைத்துவிட்டால், கேட்க வேண்டிய கேள்வி காணாமல் போய்விடுகிறது. அன்று இரவு ஐரோப்பாவின் மீட்டியோசாட் வானிலைச் செயற்கைக்கோள் அரைமணிக்கு ஒரு படம் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் படங்களில் என்ன இருந்தது? அதை ஏன் யாராலும் காற்றாகப் படிக்க முடியவில்லை?

முன்னறிவிப்பு எப்படி நழுவியது

முழுக்க முழுக்கத் தெரியாமல் வந்த புயல் இல்லை இது. வியாழன், வெள்ளியில் கடுமையான வானிலை இருக்கும் என்று முந்தைய ஞாயிற்றுக்கிழமையே விவசாயிகளுக்கான முன்னறிவிப்பில் சொல்லிவிட்டார்கள். வாரத்தின் நடுவில்தான் சறுக்கல் ஆரம்பித்தது. வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் புயலின் பாதையைத் தெற்கே தள்ளின. கால்வாயை ஒட்டியும் வடக்கு பிரான்ஸ் மீதும் போய்விடும் என்ற எண்ணம் வலுத்தது. கடற்பகுதிகளுக்கு 15-ஆம் தேதி காலையிலேயே எச்சரிக்கை போய்விட்டது. ஆனால் நிலத்தில் இருப்பவர்களுக்கு மழைதான் முதல் செய்தியானது. நிலைமை கைமீறிப் போகலாம், ராணுவத்தின் உதவி தேவைப்படலாம் என்று பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் சொன்னபோது 16-ஆம் தேதி அதிகாலை கிரீன்விச் நேரம் 1.35.

மாதிரி ஏன் சறுக்கியது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தரவு. புயல் பிறந்த கடற்பரப்பில் அளவெடுக்கக் கப்பல்கள் மிகக் குறைவு. பிரிட்டனுக்குத் தெற்கிலும் மேற்கிலும் கப்பல், விமானம், மிதவை, செயற்கைக்கோள் வழியாக வரும் அளவீடுகளைக் கூட்டியாக வேண்டும் என்று பிறகு நடந்த விசாரணையும் அழுத்திச் சொன்னது. இரண்டாவது காரணத்துக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அன்று பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் வைத்திருந்த நுண்கட்ட மாதிரியின் ஒரு கட்டம் 75 கிலோமீட்டர் அகலம். அன்றிரவு மரங்களைச் சாய்த்த காற்றின் மையப் பட்டை கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர்தான். புயலின் பாதையைச் சரியாகப் போட்டிருந்தாலும் அந்த மாதிரியால் இந்தக் காற்றைக் காட்டியிருக்க முடியாது. வலையின் கண்ணைவிட மீன் சிறியது.

மேகத்தில் தெரிந்தது

இப்போது படங்களுக்கு வருவோம். 15-ஆம் தேதி பிற்பகலில் பிஸ்கேயிலிருந்து வடகிழக்காக நீண்ட ஒரு மேகப்பட்டை தெரிகிறது. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் முகப்பில் எப்போதும் இருக்கும் மேகம்தான் அது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மாலையாக ஆக, அந்தப் பட்டையின் குளிர்ப் பக்கத்து ஓரத்துக்கு அடியிலிருந்து இன்னொரு மேகத்திரள் தனியாகத் தலை நீட்டுகிறது. வெளிப்பக்கம் வழுவழுவென்று வளைந்த ஓரம், உள்பக்கம் குழிவு. மேகத்தலை என்று இதைச் சொல்லலாம்.

மேகத்தலை தென்பட்டால் தாழ்வுநிலை வேகமாக ஆழமாகப் போகிறது என்று அர்த்தம். இது அன்றைக்கே தெரிந்த விஷயம். செயற்கைக்கோள் படங்களை வைத்து 1975-லேயே இந்தத் தொடர்பைக் காட்டியிருந்தார்கள். அதன்படியேதான் நடந்தது. நள்ளிரவை ஒட்டி, கால்வாயின் மேற்குப் பகுதியில் புயல் மையத்தின் அழுத்தம் 953 மில்லிபார் வரை இறங்கியது. ஆக, படத்தைப் பார்த்து ‘இது சாதாரணத் தாழ்வுநிலை இல்லை’ என்று சொல்லும் அளவுக்கான அறிவு அன்றைக்கே இருந்தது.

அடுத்த கட்டம்தான் முக்கியம். மேகத்தலை நீண்டு, தாழ்வுநிலையின் மையத்தைச் சுற்றிக்கொண்டு, கொக்கி போல் வளைகிறது. கொக்கிக்கும் முகப்பு மேகத்துக்கும் நடுவே மேகமே இல்லாத ஒரு வறண்ட பிளவு. மேலிருந்து இறங்கும் உலர்ந்த காற்று அதில் நுழைந்துகொண்டிருக்கிறது. நீராவி அலைவரிசையில் இந்த இடம் கறுப்பாகத் தெரியும். கொக்கியின் நுனியை உற்றுப் பார்த்தால் அது வழுவழுப்பாக இல்லை. கோடு கோடாகப் பிரிந்திருக்கிறது, விரல்களை விரித்தது போல. ஒவ்வொரு விரலின் முனையும் பிளவுக்குள் நீண்டு நீண்டு கரைகிறது.

அந்தக் கரையும் நுனிக்குச் சற்று முன்னால், நேர் கீழே, தரையில்தான் மிகக் கொடூரமான காற்று வீசியது.

அன்று இரவு பணியில் இருந்தவர்கள் யாருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மீட்டியோசாட் நிலநடுக்கோட்டுக்கு மேலே நின்று பார்ப்பதால் பிரிட்டன் சாய்வாகத்தான் தெரியும், படம் மங்கும். இரவில் கண்ணுக்குப் புலப்படும் ஒளிப்படம் கிடையாது. அகச்சிவப்பும் நீராவியும் மட்டும்தான். அதையெல்லாம் தாண்டி விரல்கள் தெரிந்திருந்தாலும், விரலுக்கு என்ன பொருள் என்று சொல்லித்தர ஆளில்லை. நார்வே வானிலையாளர்களிடம் மட்டும், இப்படி வளைந்து திரும்பும் முகப்பின் வால் விஷம் கொண்டது என்ற அனுபவப் பேச்சு பல பத்தாண்டுகளாகப் புழங்கியது. வால் எப்படிக் கொட்டுகிறது என்று அவர்களும் விளக்கியிருக்கவில்லை.

பதினேழு ஆண்டு கழித்து

ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வானிலை ஆய்வாளர் கீத் ப்ரௌனிங் 2004-இல் அந்த இரவை மறுபடி பிரித்துப் பார்த்தார். செயற்கைக்கோள் படங்கள், மழை ரேடார் பதிவுகள், தரை நிலையங்களில் பேனாமுனை தாளில் இழுத்த காற்றுக் கோடுகள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் நேரப்படி அடுக்கினார். புதிய தரவு என்று எதுவும் இல்லை. எல்லாம் 1987-இலேயே கையில் இருந்தவைதான். அப்படி அடுக்கியபோது, காற்றின் உச்சம் மேகத்தலையின் நுனியோடு சேர்ந்தே நகர்ந்தது தெரிந்தது. அந்தக் காற்றுக்கு அவர் வைத்த பெயர் ஸ்டிங் ஜெட். நான் கொடுக்குக் காற்று என்று எழுதுகிறேன்.

அவர் தந்த விளக்கம் இது. மேகத்தலைக்குள் சில கிலோமீட்டர் உயரத்தில் பலமான காற்றோட்டம் ஒன்று இருக்கிறது. நுனியை அடைந்ததும் அது சரிவாகக் கீழே இறங்கத் தொடங்குகிறது. இறங்கும் வழியில் மேகத்துளியும் மழையும் பனித்துகளும் அந்த உலர்ந்த காற்றில் ஆவியாகின்றன. ஆவியாக வெப்பம் வேண்டும், அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. காற்று குளிர்ந்து கனமாகி இன்னும் வேகமாக இறங்குகிறது. நம் ஊரில் கோடை மழைக்கு முன்னால் திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று புழுதியை வாரிக்கொண்டு வருமே, அதிலும் இதே குளிர்ச்சிதான் வேலை செய்கிறது. அங்கே ஒரு இடிமேகத்துக்குக் கீழே சில நிமிடம் நடப்பது, இங்கே ஐம்பது கிலோமீட்டர் அகலத்தில் மூன்று நான்கு மணி நேரம் நடந்தது.

ஆவியாதலின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. சில மாதிரி ஆய்வுகளில் ஆவியாதலை நிறுத்திப் பார்த்தும் காற்று பெரிதாகக் குறையவில்லை. நுனியில் முகப்பு கலைந்துபோவதாலேயே காற்று இறங்குகிறது என்பவர்கள் உண்டு. மேகத்தலைக்குள் சரிவான திசையில் நிலையின்மை, அதாவது சிறு தூண்டலிலேயே காற்று பாயத் தயாராக இருக்கும் நிலை, சேர்ந்து, அது விடுபடும்போதுதான் விரல்கள் உருவாகின்றன என்பவர்களும் உண்டு. புயலுக்குப் புயல் இந்தக் காரணங்களின் அளவு மாறும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் கலந்துவிடக் கூடாது. நடு அட்சரேகைப் புயலில் பலமான காற்று மூன்று இடங்களில் வரும். குளிர் முகப்புக்கு முன்னால் தெற்கிலிருந்து வரும் சூடான காற்றோட்டத்தில் ஒன்று. கொக்கிக்கு அடியில் தாழ்வாகச் சுற்றிவரும் குளிர்ந்த காற்றோட்டத்தில் இன்னொன்று. இவை இரண்டும் அகலமானவை, நீண்ட நேரம் நீடிப்பவை, பழைய மாதிரிகளிலும் ஓரளவு தெரிபவை. மூன்றாவதான கொடுக்குக் காற்று குறுகலானது, சீக்கிரம் முடிந்துவிடுவது. அன்றிரவு தென்கிழக்கு இங்கிலாந்தில் மூன்றில் எது எந்த ஊரை எப்போது அடித்தது என்று பிரிப்பதுதான் ப்ரௌனிங் செய்த வேலையிலேயே கடினமான பகுதி.

தரைப் பதிவுகளைப் பார்த்தால் அந்த இரவின் கூர்மை புரியும். ஹாம்ப்ஷயரில் சவுத் ஃபார்ன்பரோ நிலையத்தில், புயலோடு வந்த சூடான காற்று நுழைந்தபோது, வெப்பநிலை 20 நிமிடத்தில் 8.5 டிகிரியிலிருந்து 17.6 டிகிரிக்கு எகிறியது. நார்மண்டியின் பாயிண்ட் டு ராக்கில் நள்ளிரவு 12.30-க்கு 117 நாட் வேக வீச்சு பதிவானது. மணிக்கு 217 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் கழித்து, கால்வாயையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் கடந்து நார்ஃபோக் கரையில் இருக்கும் கோர்ல்ஸ்டனில் 106 நாட், மணிக்கு 196 கிலோமீட்டர். இந்த இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் இணைத்துப் பார்த்தாலே காற்றின் பாதை தெரிகிறது.

மறையும் மேகத்தை எப்படித் தொடர்வது?

மேகம் நகர்வதை வைத்துக் காற்றை அளப்பது பழைய யோசனை. 1966 டிசம்பரில் ஏடிஎஸ்-1 செயற்கைக்கோள் மேலே போனது. அமெரிக்க விஞ்ஞானி வெர்னர் சுவோமியின் கேமரா அதிலிருந்து பூமியின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்தது. அன்றிலிருந்து நடப்பது இதுதான்: அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒரே மேகத்துணுக்கைக் கண்டுபிடி, எவ்வளவு நகர்ந்தது என்று பார், நேரத்தால் வகு. இன்று கணினியே இதைச் செய்கிறது. இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்தும் இப்படிக் காற்று அளவுகள் எடுக்கப்படுகின்றன.

இதில் எல்லோருக்கும் தெரிந்த சிக்கல், உயரம். மேகம் எந்த உயரத்தில் மிதக்கிறது என்று அதன் வெப்பநிலையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மெல்லிய மேகமானால் கீழே இருக்கும் வெப்பமும் கசிந்து ஊகம் பிசகும். காற்று உயரத்துக்கு உயரம் வேகம் மாறும் புயலில் ஒரு கிலோமீட்டர் பிசகினாலும் கணக்கு கெட்டுவிடும்.

கொடுக்குக் காற்றில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. காற்று எங்கே மிக வேகமாகக் கீழே பாய்கிறதோ அங்கே மேகம் ஆவியாகி மறைந்துவிடுகிறது. துணுக்கைத் தேடும் கணினிக்கு அடுத்த படத்தில் துணுக்கு இல்லை. ‘தொடர முடியவில்லை’ என்று அந்த இடத்தை அது வெற்றாக விட்டுவிடும். மிக முக்கியமான இடத்தில் அளவே இல்லாமல் போகிறது. எனவே, நகர்ந்த மேகத்தை மட்டும் பார்க்காமல் மறைந்த மேகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நுனியின் மேகஉச்சி ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சூடாகிக்கொண்டே போனால், அது கீழே இறங்குகிறது அல்லது கரைகிறது. விரல்களுக்கு நடுவே இடைவெளி அகலமானால் அங்கே காற்று இறங்குகிறது.

அதே 2004-இல் ப்ரௌனிங் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து மீட்டியோசாட் படங்களில் மற்றொரு தடயத்தையும் பிடித்தார். மேகம் மறைந்த பகுதிக்கு முன்னால், தரைக்கு மிக அருகில், வில் போலவும் அம்புமுனை போலவும் மெல்லிய மேகக் கோடுகள் தோன்றி வேகமாக ஓடின. மேலிருந்து இறங்கிய காற்று தரையை ஒட்டிய ஈரக்காற்றை முட்டித் தள்ளும்போது இந்தக் கோடுகள் எழுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். இறங்கிய காற்றைப் பார்க்க முடியாது, ஆனால் அது முட்டிய இடத்தைப் பார்க்கலாம். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சாட்சி இல்லாத இடத்திலும் அவர்கள் சாட்சியைக் கண்டுபிடித்தார்கள்.

அன்று முடிந்திருக்குமா?

சரி, இந்த அறிவெல்லாம் 1987-இல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மேகத்தலை தென்பட்டதிலிருந்து மாலையிலேயே பொதுவான எச்சரிக்கை ஒன்றைத் தந்திருக்கலாம். தெற்கு இங்கிலாந்தின் நிலப்பகுதிக்கும் கடும் புயல்காற்று என்று சொல்ல, கொக்கியின் வளைவு ஒன்றே போதும். ஆனால் இந்த மாவட்டத்தில் இந்த நேரத்தில் என்று சொல்ல நுனி விரல்கள் தெரிய வேண்டும். அவை தெரிந்து காற்று அடிப்பதற்குள் இருப்பது சில மணி நேரம்தான். அதுவும் நள்ளிரவில், கைபேசி இல்லாத காலத்தில். தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்ப வழியில்லை. ஒரு வகையில், தூக்க நேரமாக இருந்ததே பலரைக் காப்பாற்றியது. அதே காற்று பகல் பதினொரு மணிக்கு, சாலையும் ரயிலும் நிறைந்திருக்கும்போது அடித்திருந்தால் 18 என்ற எண்ணோடு நின்றிருக்காது.

காற்றின் வேகம் மட்டுமே சேதத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதும் அந்த இரவில் தெரிந்தது. அக்டோபர் நடுவில் மரங்களில் இலை இன்னும் உதிரவில்லை. அதற்கு முந்தைய வாரங்களின் மழையில் மண் ஊறிக் கிடந்தது. க்யூ தாவரவியல் பூங்காவில் மட்டும் எழுநூறு மரங்கள் போயின. செவன்ஓக்ஸ் ஊரின் அடையாளமான ஏழு ஓக் மரங்களில் ஆறு சாய்ந்தன. இதே காற்று ஜனவரியில் மொட்டை மரங்களை அடித்திருந்தால் இவ்வளவு விழுந்திருக்காது. பிரிட்டனில் தேசியக் கடும் வானிலை எச்சரிக்கை ஏற்பாடு இந்தப் புயலின் விளைவாகத்தான் உருவானது. 2011-இலிருந்து அங்கே எச்சரிக்கையின் நிறத்தை, வேகத்தின் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், விளையக்கூடிய பாதிப்பையும் அதன் வாய்ப்பையும் சேர்த்து முடிவு செய்கிறார்கள்.

2022 பிப்ரவரி 18-இல் வந்த யூனிஸ் புயலில் இந்த மாற்றம் முழுசாகத் தெரிந்தது. கொடுக்குக் காற்று வரக்கூடும் என்பதை முன்னறிவிப்பாளர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். தென்மேற்குக் கரைக்கு முந்தைய நாளே சிவப்பு எச்சரிக்கை போனது. பள்ளிகளை மூடினார்கள், ரயில்களை நிறுத்தினார்கள். வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 196 கிலோமீட்டர் வீச்சு பதிவானது, கோர்ல்ஸ்டனில் 1987-இல் பதிவான அதே அளவு. பட்டப்பகலில் வந்த புயல் அது. உயிரிழப்பு இல்லாமல் இல்லை. ஆனால் காற்று வந்தபோது மக்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த முன்னேற்றத்தின் பெரும்பங்கு மாதிரிகளுக்குத்தான் சேரும். மேகப் படத்துக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன். கட்டங்கள் சிறுத்து, உயர அடுக்குகள் நெருங்கியதும் கொடுக்குக் காற்று கணினிக்குள்ளேயே தோன்ற ஆரம்பித்தது. 1987 புயலையே நுண்ணிய கட்டத்தில் மறுபடி ஓட்டி 2005-இல் அதைக் காட்டினார்கள். நாள் கணக்கில் முன்னால் சொல்வது மாதிரியின் வேலை. மாதிரி சொன்ன கொக்கியும் வானத்தில் இருக்கும் கொக்கியும் ஒன்றா, நுனி ஐம்பது கிலோமீட்டர் வடக்கே தள்ளியிருக்கிறதா, ஒரு மணி நேரம் முந்திவிட்டதா என்று கடைசி ஆறு மணி நேரத்தில் சரிபார்ப்பது படத்தின் வேலை.

அதற்குப் படம் அடிக்கடி வர வேண்டும். அரைமணிக்கு ஒன்று என்றால் மணிக்கு நூறு கிலோமீட்டரில் நகரும் நுனி இரண்டு படங்களுக்கு நடுவே ஐம்பது கிலோமீட்டர் தாண்டிவிடும், அதாவது அதன் முழு அகலத்தையும். மீட்டியோசாட்டின் இரண்டாம் தலைமுறை கால்மணிக்கு ஒரு படம் தந்தது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட மூன்றாம் தலைமுறையின் முதல் செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு முழு வட்டப் படம் தருகிறது. ஐரோப்பாவை மட்டும் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் வசதியும் இந்தத் தலைமுறைத் திட்டத்தில் இருக்கிறது. அந்த வேகத்தில் படம் வந்தால் விரல்கள் கரைவதை நேரடியாகவே பார்க்கலாம்.

ஆனால் கடைசி ஒரு கிலோமீட்டரை எந்தப் படமும் காட்டாது. இறங்கிவரும் காற்று தரையை ஒட்டிய அடுக்கின் தலைக்கு மேல் நின்றுவிடுமா, துளைத்துக்கொண்டு தரைக்கு வந்துவிடுமா என்பது அந்த அடுக்கு எவ்வளவு குளிர்ந்து, எவ்வளவு அசையாமல் படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரவில் குளிர்ந்த நிலத்தின் மீது ஒரு மாதிரி, சூடான கடலின் மீது ஒரு மாதிரி. மேலே ஒரே மாதிரி கரைந்த இரண்டு நுனிகளில் ஒன்று ஊரையே சாய்க்கலாம், இன்னொன்று தலைக்கு மேலேயே கடந்து போகலாம். அதைப் பிரித்துச் சொல்லக் கரையோர ரேடாரும் கம்பத்து மேல் சுழலும் காற்றுமானியும்தான் இன்னமும் வேண்டியிருக்கின்றன.